ஒரே ஆள்

உலகம்மாளுடைய காதுக்குத்தான் சம்பளம். தென்காசி கூலக்கடை பஜாருக்குப் பின்னால், அப்பாவோடு குடியிருந்த மாடி வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை இரண்டிரண்டு குரல்களாகக் கேட்பாள். இரண்டும் ஒரே மனிதருடையதா, வேறு வேறு மனிதர்களுடையதா என்று சொல்ல வேண்டும். திரையில் மூன்று பொத்தான்கள் இருக்கும்: ஒரே ஆள், வேறு ஆள், தெரியவில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு ஜோடிகள் வரும்.

செவிவழி என்ற தேடுகருவிக்காக அவள் இந்த வேலையைச் செய்தாள். அது வருவதற்கு முன்பு பாட்காஸ்டில் எதையாவது தேட வேண்டுமென்றால் தலைப்பைத்தான் தேட முடியும். உள்ளே ஒன்றரை மணி நேரம் என்ன பேசினார்கள் என்பது கேட்டவருக்குத்தான் வெளிச்சம். செவிவழி முதலில் பேசிய ஒவ்வொரு சொல்லையும் தேடக் கற்றுக்கொண்டது. பிறகு சொல்லை விட்டுவிட்டுக் குரலையே தேட ஆரம்பித்தது. யாருடைய குரலாவது பத்து விநாடி கையில் இருந்தால் போதும். அந்த ஆள் எந்த ஊரில், எந்த நிகழ்ச்சியில், எத்தனையாவது நிமிடத்தில் பேசியிருந்தாலும் எடுத்துக் கொடுத்துவிடும். வயது கூடியிருக்கலாம், தொண்டை கட்டியிருக்கலாம், பெயரை மாற்றியிருக்கலாம். அதற்கு எதுவும் பொருட்டில்லை. சந்தேகம் வரும் இடங்களில் மட்டும் மனிதக் காதுகளைக் கேட்கும். அப்படி ஒரு காதுதான் உலகம்மாள்.

மாதத்துக்கு ஒரு முறை நாகர்கோவிலிலிருந்து மேற்பார்வையாளர் ஃபெலிக்ஸ் எல்லோரையும் ஒரே அழைப்பில் கூட்டி, உபயோகிப்பவர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றை வாசித்துக் காட்டுவார். பொள்ளாச்சியில் ஒரு தென்னந்தோப்புக்காரர், வெள்ளை ஈயைப் பற்றி உலகத்தில் எவர் பேசினாலும் தேடிப் பிடித்துக் கேட்டார். ஒரு லாரி ஓட்டுநர், விபத்தில் செத்துப்போன தன் கூட்டாளி எப்போதோ ஒரு நிகழ்ச்சிக்குப் போன் போட்டு நாற்பது விநாடி பேசியதைக் கண்டுபிடித்து, சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் போட்டுக் கேட்டார். சேலத்தில் ஒரு பெண், பஸ்ஸில் பாதி காதில் விழுந்த ஒரு நகைச்சுவையின் கடைசி வரிக்காக மூன்று வாரம் தேடினாள். இன்னொருவர் அரசாங்க அதிகாரி. தன்னை யாராவது எங்காவது திட்டியிருக்கிறார்களா என்று தினமும் காலையில் தேடுகிறாராம். இதுவரை ஒருவரும் திட்டவில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று ஃபெலிக்ஸ் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். உலகம்மாளும் சிரித்தாள். நல்ல வேலையில்தான் இருக்கிறோம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

வேலையில் சேரும்போது ஒரு நிபந்தனையில் கையெழுத்துப் போட்டிருந்தாள். தெரிந்தவருடைய குரல் வந்தால் எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது, விலகுகிறேன் என்று எழுதி அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். நான்கு வருடங்களில் அப்படி ஒரு குரலும் வரவில்லை. நிபந்தனை அவளுக்கு மறந்தேபோயிருந்தது.

ஓர் ஆவணி மாதத்து முற்பகல், குற்றாலத்துச் சாரல் ஜன்னல் வரைக்கும் வந்துகொண்டிருந்த நேரம், ஒரு ஜோடி வந்தது. முதல் குரல் ஒரு கல்லூரி விழாவில் வரவேற்புரை வாசித்தது. "மாண்புமிகு" என்ற சொல்லில் தடுக்கி, சமாளித்து, மேலே போனது. உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த விழாவில் மூன்றாவது வரிசையில் அவளும் உட்கார்ந்திருந்தாள். தடுக்கியதற்கு முதலில் சிரித்ததே அவள்தான். வாசித்தது மேகலா. மதுரையில் பாலிடெக்னிக் படித்த மூன்று வருடமும் ஒரே அறையில் இருந்தவள்.

இரண்டாவது குரல் ஒரு பாட்காஸ்டிலிருந்து வந்தது. கேட்டால் ஐம்பது வயதுப் பெண்மணி, கனத்த சாரீரம். குரலை மாற்றும் செயலி எதையோ போட்டுப் பேசியிருக்கிறாள் என்று உடனே தெரிந்தது. கரண்டு அக்கா என்று பெயர் வைத்துக்கொண்டு, வீட்டு மிக்ஸியும் கிரைண்டரும் போடும் சத்தத்தை நேயர்கள் பதிவுசெய்து அனுப்ப, அதைக் கேட்டு எந்தப் பாகம் பழுது, எப்படி நாமே சரிசெய்வது என்று சொல்லும் நிகழ்ச்சி அது. "இரு, இரு. மிஷினு என்ன சொல்லுதுன்னு முதல்ல கேப்போம்," என்றாள் அந்த அக்கா. சொல்லிவிட்டு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு 'ட்ச்' கொட்டினாள்.

எந்தச் செயலியும் குரலைத்தான் மாற்றும். எங்கே மூச்சு வாங்குவது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் நாக்கைக் கொட்டுவது என்பதை மாற்ற முடியாது. ஆய்வகத்தில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மேகலா அப்படித்தான் 'ட்ச்' கொட்டுவாள். உலகம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருக்கிறாள். எங்கோ நன்றாக இருக்கிறாள். படித்த படிப்பை வைத்துப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கை தானாகப் போய் 'ஒரே ஆள்' என்ற பொத்தானை அழுத்திற்று.

அழுத்திய பிறகுதான் மற்றதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

எட்டு வருடத்துக்கு முன் மேகலா, பிரதாப் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனாள். பிரதாப் வேறு சாதி. ஒரு வாரம் கழித்து மேகலாவின் அண்ணன் தினகரன் இரண்டு பேரோடு வத்தலகுண்டிலிருந்து தென்காசிக்கு வந்து, இதே முன்னறையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மரியாதையாகத்தான் விசாரித்தான். கண் மட்டும் மரியாதையாக இல்லை. உலகம்மாள் எனக்குத் தெரியாது என்றாள். உண்மையிலேயே தெரியாது. தன்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டாளே என்று அப்போது மனத்தாங்கலாக இருந்தது. சொல்லாததுதான் தன்மேல் வைத்த நம்பிக்கை என்பது பிற்பாடுதான் புரிந்தது. தெரியாததை யாரும் பிடுங்க முடியாது அல்லவா?

இத்தனையும் தெரிந்தும் அழுத்திவிட்டாள். திரும்பப் பெறுவதற்குப் பொத்தான் கிடையாது. ஃபெலிக்ஸுக்குப் போன் போட்டு, தெரிந்தவர் குரல், தவறுதலாக அழுத்திவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் அதை நிறுத்தி வைத்திருப்பார்கள். நிபந்தனையை மீறிய குற்றத்துக்கு வேலை போகும் என்று பயந்தாள். தேடியது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், மேகலாவிடம் கிரைண்டர் ரிப்பேர் கற்றுக்கொண்ட யாரோவாக இருக்கலாம், என் ஒரு காதை நம்பியா முடிவு செய்யப்போகிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சமாதானத்தை முழுக்க நம்பியும்விட்டாள்.

அடுத்த சில மாதங்கள் அவளுக்குச் சந்தோஷமாகக் கழிந்தன என்பதுதான் பின்னால் நினைக்கும்போது கூசியது. கரண்டு அக்காவின் பழைய நிகழ்ச்சிகள் அத்தனையையும் கேட்டுத் தீர்த்தாள். புதிது வரும் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தாள். துணி மடிக்கும்போது அந்தக் குரலோடு சேர்ந்து தனியாகச் சிரித்தாள். அப்பா என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். மேகலாவுக்கு ஒரு வரி எழுதலாம் என்று நாலைந்து தடவை எண்ணி, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாள்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சி வரவில்லை. மறுநாள் பார்த்தால் பழைய நிகழ்ச்சிகளும் எடுக்கப்பட்டிருந்தன. ஒரு மாதத்துக்கு மேல் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் செய்தி பார்த்தபோது, போன மாதம் மைசூரில் ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்குள் நாலு பேர் புகுந்து தமிழ்த் தம்பதியைத் தாக்கியதாகப் போட்டிருந்தது. கணவனின் வலது கையைக் கடையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்சு வைஸில் வைத்து இறுக்கியிருந்தார்கள். மூன்று விரல்கள் போய்விட்டன. தடுக்க வந்த மனைவிக்குத் தோளில் எலும்பு முறிவு. பக்கத்துக் கடைக்காரர்கள் திரண்டு வந்ததால் உயிர் தப்பியது. பெண்ணின் அண்ணன் கைதாகி, இப்போது ஜாமீனில் வந்திருந்தான். பாட்காஸ்டில் கேட்ட குரலை வைத்து இடத்தைக் கண்டுபிடித்ததாக அவன் போலீசில் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த தம்பதி எங்கே போனார்கள் என்று தெரியவில்லை என்று செய்தி முடிந்தது.

உலகம்மாள் சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தாள்.

திங்கட்கிழமை ஃபெலிக்ஸை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு கணினியில் எதையோ தேடும் சத்தம் வந்தது. கடைசியில் தன் ஒரு காது மட்டுமா இதற்குக் காரணம், மற்றவர்களும் கேட்டிருப்பார்களே என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்குள் இருந்த ஆசை அவளுக்கே கேவலமாக இருந்தது.

"மூணு பேருக்குப் போயிருக்கு உலகு," என்றார் ஃபெலிக்ஸ். "மிஷினுக்கு அம்பத்தெட்டு சதவீதம்தான் நம்பிக்கை. மத்த ரெண்டு பேரும் தெரியலன்னு போட்டுருக்காங்க."

"அப்ப ரெண்டுக்கு ஒண்ணுதானே சார்? எப்படி ஒரே ஆள்னு அனுப்பிச்சு?"

"நாலு வருஷமா நீங்க சொன்னது தப்பானதே கிடையாது. அதனால உங்க காதுக்கு எடை ஜாஸ்தி. நீங்க ஒருத்தர் சொன்னா மூணு பேரு சொன்ன மாதிரி அது எடுத்துக்கும். போன வருஷம் சிறந்த கேட்பாளர்னு உங்களுக்குப் பாராட்டு வந்துச்சுல்லா, அதுலருந்துதான்."

இடத்தை எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்டாள். அதற்கு இன்னொரு தேடல் இருந்தது. பேச்சை நீக்கிவிட்டுப் பின்னால் கேட்கும் சத்தத்தை மட்டும் தேடுவது. ஏதோ ஒரு நிகழ்ச்சியில், மிக்ஸியைப் பற்றி மேகலா பேசிக்கொண்டிருந்தபோது தூரத்தில் ரயில் அறிவிப்பு கேட்டிருக்கிறது. எந்த நிலையம், எந்த ரயில், எத்தனை மணி என்று கருவி சொல்லிவிட்டது. பறவைகளின் குரலை ஆராய்கிறவர்களுக்காகச் செய்த வசதி அது என்றார் ஃபெலிக்ஸ்.

"இன்னொண்ணு," என்றார். "இது நான் சொல்லக் கூடாது. ஆனா சொல்லுதேன். குரலைக் குடுத்துத் தேடுன கணக்கு அந்த அண்ணனோடது இல்ல. வேற யாரோ. ஏழு மாசமா தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த நிகழ்ச்சியக் கேட்டுருக்காங்க. ஒரு நாள் விடல. நிகழ்ச்சிய எடுத்த பெறவும் தினமும் ரெண்டு மணிக்குத் தேடுதாங்க. நேத்தும் தேடியிருக்காங்க."

இனிமேல் மேகலா வாயைத் திறந்தால் மறுபடியும் கண்டுபிடித்துவிடுவார்களா என்று கேட்டாள். பொதுவில் எங்கே பேசினாலும் கண்டுபிடிக்கலாம் என்றார். தடுக்க ஒரு வழி இருந்தது. குரலுக்கு உரியவரோ, பெற்றவர்களில் ஒருவரோ விண்ணப்பித்தால் அந்தக் குரலைத் தேடலிலிருந்து நிரந்தரமாக மூடிவிடலாம். இதை ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று உலகம்மாள் கேட்டாள். விதிமுறைகளில் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது என்றார் ஃபெலிக்ஸ். சொன்ன பிறகு அவரே வெட்கப்பட்டவர் போல அழைப்பைத் துண்டித்துக்கொண்டார்.

மேகலாவைத் தேடி விண்ணப்பம் போடச் சொல்வதற்கு உலகம்மாளுக்கு இருந்த ஒரே வழியும் செவிவழிதான். பெயரைப் போட்டு, கைவசமிருந்த பழைய ஹாஸ்டல் குரல்பதிவு ஒன்றை ஏற்றி, தேடு என்ற இடத்துக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு செல்போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

வத்தலகுண்டு வீடு அவளுக்குத் தெரியும். இரண்டாம் வருடத்தில் திருவிழாவுக்கு மேகலா கூட்டிப்போயிருந்தாள். புதன்கிழமை காலை பஸ் ஏறினாள். ஜாமீனில் வந்திருந்த தினகரன் தினமும் பத்தரைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அப்படியே கடைக்குப் போய்விட்டுச் சாப்பாட்டுக்குத்தான் வருவான் என்று தெருமுனைக் கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, பதினோரு மணிக்குப் பிறகு போனாள்.

மேகலாவின் அம்மா ராஜாமணி, வாசல் அறையில் தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காதில் இயர்போன் தொங்கியது. அதில் ஒன்றும் ஓடவில்லை. உலகம்மாளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆஸ்டல் பிள்ளையா என்று கேட்டாள். உட்காரச் சொன்னாள். மோர் கொண்டுவந்தாள். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தேடுகிறவர் யார் என்று உலகம்மாளுக்கு அந்த இயர்போனைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

ராஜாமணி ஊசியை நிறுத்தினாள். அவள் கேட்டது மகளின் குரல் ஒன்றுதான். ஊர் எது, பெயர் என்ன என்பதெல்லாம் வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தாள். தைக்கக் கொடுக்க வந்த ஒரு டீச்சர் செவிவழியைப் பற்றிச் சொல்ல, கல்லூரி விழா வீடியோவை அவளைக் கொண்டே ஏற்றித் தேடச் சொன்னாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. யாரோ வயதான பொம்பளையின் குரல். இது எம்பிள்ளை இல்லையே என்று அணைக்கப்போனபோது அந்தக் குரல் 'ட்ச்' கொட்டியது.

"அன்னையிலருந்து மத்தியானம் ரெண்டு மணிக்கு மிஷின்ல உக்காந்தா, எம்பிள்ளை எங்கூட பேசிக்கிட்டே இருக்கும்," என்றாள். "எனக்கு மிக்ஸியப் பத்தி என்னா தெரியும் தாயி? ஆனா ஒண்ணு விடாம கேட்டேன். யாருகிட்டயும் மூச்சு விடல. ஏழு மாசம்."

மாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாத்திரை மயக்கத்தில் கண்ணயர்ந்துவிட்டாள். இயர்போன் கழன்று, செல்போன் அறை முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தது. கண் விழித்தபோது தினகரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா இது யார் என்று கேட்டான். யாரோ ரிப்பேர் சொல்லித்தருகிற பொம்பளை என்றாள். தங்கச்சி எப்படி நாக்கைக் கொட்டுவாள் என்று அவனுக்கும் தெரியாதா?

"ரெண்டு காதுலயும் மாட்டியிருந்தா கழண்டிருக்காது," என்றாள் ராஜாமணி. "ஒரு காது வாசலுக்கு இருக்கணுமேன்னு, ஒண்ணுலதான் மாட்டுவேன்." இதை அவள் பல தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்று உலகம்மாளுக்குப் புரிந்தது.

அப்போது உலகம்மாள் தன் பங்கைச் சொன்னாள். இயந்திரத்துக்குச் சந்தேகம் இருந்ததையும், மற்ற இரண்டு பேரும் தெரியவில்லை என்றதையும், தான் ஒருத்திதான் அது மேகலா என்று உறுதி சொன்னதையும், தெரிந்தவர்கள் சொல்லக் கூடாது என்ற விதி இருந்தும் சொன்னதையும், பிறகு வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதையும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். முடியவில்லை.

ராஜாமணி மடியிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பதில் வந்த அன்னைக்கு," என்றாள் மெதுவாக, "இதக் கண்டுபிடிச்சுக் குடுத்த புண்ணியவதி எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு சாமிக்கு விளக்குப் போட்டேன். அது நீதானா?"

உலகம்மாளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

பிறகு ராஜாமணி, இனிமேல் அவன் கண்டுபிடிக்காமல் இருக்க வழி உண்டா என்று கேட்டாள். உலகம்மாள் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னாள். பெற்றவள் தன் குரலில் ஒரு வாக்கியத்தை வாசித்தால் போதும். ஆனால் மூடினால் எல்லோருக்கும் மூடியதுதான், அண்ணனுக்கு ஒரு கதவு அம்மாவுக்கு ஒரு கதவு என்று கிடையாது என்பதையும் சொன்னாள். நாளைக்கே மேகலா எங்கேயாவது பேச ஆரம்பித்தாலும் இந்தச் செல்போன் அதைக் காட்டாது.

"பேசுவா," என்றாள் ராஜாமணி. "அவளால பேசாம இருக்க முடியாது. அதுதான் எனக்குப் பயமே." பிறகு, "போடு," என்றாள்.

கருவியின் ஞாபகத்தில் மேகலாவின் துண்டுப் பேச்சு ஒன்று, அரை நிமிடம், இன்னும் மிச்சமிருந்தது. மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்கிறீர்களா என்று உலகம்மாள் கேட்டாள். ராஜாமணி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "கேட்டா மனசு மாறிரும்."

திரையில் இருந்த எழுத்து பொடியாக இருந்ததால் உலகம்மாள் ஒவ்வொரு தொடராகச் சொல்ல, ராஜாமணி திருப்பிச் சொன்னாள். என் மகள் மேகலாவின் குரலை இனி எவரும் தேடிக் கண்டறிய இயலாதவாறு நிரந்தரமாக நீக்கச் சம்மதிக்கிறேன். எவரும் என்பதில் நானும் அடங்குவேன் என்பதை அறிவேன். 'நானும்' என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. தெளிவாக இல்லை, மீண்டும் சொல்லவும் என்று கருவி கேட்டது. மூன்றாவது தடவைதான் ஏற்றுக்கொண்டது. மூன்று தடவையும் சொல்லிக்கொடுத்தது உலகம்மாள்.

ராஜாமணி செல்போனை வாங்கி, தினமும் செய்வது போல அந்த விழா வீடியோவை வைத்துத் தேடிப் பார்த்தாள். முடிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது. "சரி, வேலை செய்யுது," என்றாள்.

வெளியே பைக் வந்து நின்றது. தினகரன் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றி, குழாயடியில் கால் கழுவி, உள்ளே வந்து உலகம்மாளைப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. ஃபால்ஸ் வைக்கச் சேலை கொண்டுவந்த பிள்ளை என்றாள் ராஜாமணி. அவன் தலையை ஆட்டிவிட்டு, பசிக்கிறது, என்ன குழம்பு என்று கேட்டான். களைத்துப்போன, சாதாரணமான முகம். ராஜாமணி எழுந்து போய் அவனுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். அவள் சோறு போடும் கையையே பார்த்துக்கொண்டு உலகம்மாள் நின்றாள்.

வழியனுப்புகிற சாக்கில் ராஜாமணி தெருமுனை வரை கூட வந்தாள். "நீ காது வேலை பாக்குறவ," என்றாள். "மிஷின் இல்லாட்டியும் உனக்கு அவளைத் தெரியும். எங்கயாச்சும் கேட்டா எங்கிட்ட சொல்லு. எந்த ஊரு, என்னா பேரு, ஒண்ணும் சொல்ல வேணாம். பேசுறான்னு மட்டும் சொன்னாப் போதும்."

சொல்கிறேன் என்று உலகம்மாள் வாக்குக் கொடுத்தாள்.

ஊர் திரும்பிய வாரமே வேலையை விட்டாள். ஒரு பம்ப்செட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் சேர்ந்தாள். காலையில் சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் தமிழ்ப் பாட்காஸ்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். தேட முடியாது என்பதால் இதைத் தவிர வேறு வழியில்லை. சமையல், ஜோசியம், பங்குச் சந்தை, குழந்தை வளர்ப்பு, யானைகள் என்று எதையும் விடவில்லை. ஒன்றைப் போட்டு இரண்டு நிமிடம் கேட்பாள், அவளில்லை என்று தெரிந்ததும் அடுத்தது. தினகரன் வாய்தாவுக்குக் கோர்ட்டுக்குப் போகிற நாளில், மாதம் ஒரு தடவை, ராஜாமணி போன் செய்வாள். கேட்டியா தாயி என்பாள். இன்னும் இல்லம்மா என்பாள் உலகம்மாள். அது உண்மையாக இருந்தது.

ஏழாவது மாதம், வேலைக்குப் போகும் பஸ்ஸில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சி ஒன்று கிடைத்தது. மெல்லிய குரல், இருபது வயதுப் பெண் போல. பின்னங்களை விளக்கிக்கொண்டிருந்தாள். நாக்கைக் கொட்டவில்லை. அந்தப் பழக்கத்தை எப்படியோ விட்டுத் தொலைத்திருந்தாள். ஆனாலும் முதல் வாக்கியம் முடிவதற்குள் உலகம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஆறாவது நிமிடத்தில், பின்னால் ஓர் ஆண் குரல், இந்த மூடியைக் கொஞ்சம் திறந்து குடேன் என்று கேட்டது. பேச்சு நின்றது. மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, எங்கே விட்டோம், முக்கால், என்று அவள் தொடர்ந்தாள்.

உலகம்மாள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. நெஞ்சு நிறைந்து பொங்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அந்தப் பொத்தானை அழுத்தும்போது வந்த அதே சந்தோஷம். அதை அடையாளம் கண்டுகொண்டதும் இயர்போனைக் கழற்றினாள். நிகழ்ச்சியைச் சேமிக்கவில்லை. கேட்டதற்கான அடையாளங்களைச் செல்போனிலிருந்து அழித்தாள்.

பத்து நாள் கழித்து ராஜாமணி போன் செய்தாள். அந்தப் பத்து நாளும் உலகம்மாள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். பேசுகிறாள் என்று சொன்னால் மட்டும் போதும் என்கிறாள் அந்த அம்மா. சொன்னால் அன்றைக்குச் சாயங்காலம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். சோறு வாங்கிச் சாப்பிடுகிறவன் அதைப் பார்ப்பான். தேடுகருவி இல்லாமலே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியும் என்பது இப்போது உலகம்மாளுக்குத் தெரியும். ஏழு மாதம் போதும்.

"கேட்டியா தாயி?"

"இன்னும் இல்லம்மா," என்றாள் உலகம்மாள்.

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றிருந்தது. பிறகு ராஜாமணி, சின்னப் பிள்ளையைத் தேற்றுவது போல, "வெசனப்படாத ஆத்தா," என்றாள். "நீயும் எம்புட்டுதான் கேப்ப. காதுக்குக் கொஞ்சம் ஓய்வு குடு."